அதிவேக ரயில் வந்த ஊரில் பழைய ரயில் என்ன ஆனது?

ஒரு நாடு மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விட்டால் எல்லோர் கண்ணும் அந்த ரயில் மீதுதான். அதே ஊருக்கு ஓடிக்கொண்டிருந்த சாதாரண ரயில் என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. அதிவேக ரயிலின் அறுபது ஆண்டு வரலாற்றை நாம் அந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்போம்.

ஜப்பானில் 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. அன்றைய வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். பழைய பாதையில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நெருக்கியடித்து ஓடின. அதன் அகலம் வெறும் 1067 மில்லிமீட்டர் என்பதால் வேகத்தையும் அதிகம் கூட்ட முடியவில்லை. ஆகவே 1435 மில்லிமீட்டர் அகலத்தில் தனிப்பாதை போட்டார்கள். தொலைதூரப் பயணிகள் அங்கே போக, பழைய பாதையில் உள்ளூர் ரயிலுக்கும் சரக்குக்கும் இடம் கிடைத்தது. நெரிசலைத் தீர்க்க வந்த ரயில் அது.

அதே ஜப்பானில் 1987-இல் தேசிய ரயில்வே பல நிறுவனங்களாக உடைக்கப்பட்டது. பின்னர், புதிய ஷின்கான்சென் வரும் இடங்களில் அதற்கு இணையான பழைய பாதையை அந்த நிறுவனங்கள் கைவிடலாம் என்று ஆனது. 1997 அக்டோபர் 1 அன்று நாகானோவுக்கு அதிவேக ரயில் வந்தது. அதற்கு முந்தைய நாளோடு, 1893 முதல் இயங்கிவந்த யோகோகாவா - கருயிசாவா மலைப்பாதை மூடப்பட்டது. இன்று அங்கே பேருந்துதான். அதை அடுத்த பகுதி, மாகாண அரசும் உள்ளாட்சிகளும் பங்கெடுத்துத் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

பிரான்சின் கதை வேறு. 1981-இல் பாரிஸ் - லியோன் தடத்தில் டி.ஜி.வி. ஓடியது. பழைய தண்டவாளத்திலும் அது ஓடும் என்பதால் சிறு நகரங்களுக்கும் நேரடி ரயில் கிடைத்தது. ஆனால் பணம் புதிய பாதைகளுக்கே போனது. சாதாரணப் பாதைகள் தேய்ந்துவருகின்றன என்று 2005-இல் ஒரு தணிக்கை அறிக்கையே எச்சரித்தது. 2013 ஜூலை 12 அன்று பிரெத்தினியில் ஒரு சாதாரண ரயில் தடம் புரண்டு 7 பேர் இறந்தார்கள். தண்டவாள இணைப்பின் போல்ட்டுகள் கழன்றிருந்தன. பராமரிப்புக் குறைபாட்டுக்காக 2022-இல் நீதிமன்றம் ரயில்வே நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

உலகிலேயே நீளமான அதிவேக வலையமைப்பு சீனாவில் இருக்கிறது. அங்கேயும் பல தடங்களில் மலிவான ரயில்கள் குறைக்கப்பட்டன. ஆனாலும் சிச்சுவான் மலைகளில் யி இன மக்களுக்காக 'மெதுரயில்' இன்றும் ஓடுகிறது. ஆடு, கோழி, காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகலாம். பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். குறைந்த கட்டணம் 2 யுவான். நட்டம் என்று தெரிந்தே அரசு அதை ஓட்டுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோமீட்டர், அன்றைய மதிப்பீடு சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய். பால்கரின் ஆதிவாசிகள் நிலம் தர மறுத்துப் போராடினார்கள். அடிக்கல் நாட்டிப் பதினைந்தே நாளில், செப்டம்பர் 29 அன்று, அதே மும்பையின் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில் குறுகலான நடைமேம்பால நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். புறநகர் ரயில் பயணிகள் அவர்கள்.

வேகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1964-இன் ஜப்பான் போல, வேகமும் சாதாரணப் பயணியின் வசதியும் சேர்ந்தே வரமுடியும். எனவே அடுத்த முறை புதிய ரயில் அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். முன்பதிவில்லாப் பெட்டிகள் கூடுமா, குறையுமா? நிலம் யாருடையது? கூலி வேலைக்கு ஊர்விட்டு ஊர் போகும் நம் மக்கள் அந்தக் கட்டணத்தில் ஏற முடியுமா? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.