நீர்க்கடுப்பு என்றாலே 'உடம்பு சூடு'தானா? யூராலஜிஸ்ட் முதலில் பார்ப்பது என்ன?

சீர்காழி சுற்றுவட்டாரத்தில் நடவு, களையெடுப்பு என்று வயலில் இறங்கும் பெண்கள் பலர், வேலை முடியும் வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! வீடு திரும்பியதும் சிறுநீர் கழித்தால் எரிச்சல். "உடம்பு சூடு, மோர் குடி, சரியாப் போயிடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

மோரும் பார்லி கஞ்சியும் குடிப்பதில் தவறில்லை. தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானாலும் எரியும். நிறைய தண்ணீர் குடித்தால் அது தணிந்துவிடும். ஆனால், அதே எரிச்சல் கிருமித் தொற்றாலும் வரும், கல்லாலும் வரும். யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரியல் மருத்துவர் மருந்து எழுதும் முன் காரணத்தைத் தேடுவது இதனால்தான்.

முதலில் கேள்விகள்

எத்தனை நாளாக எரிச்சல்? காய்ச்சல், குளிர் இருக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள்? ரத்தம் கலந்து வந்ததா? சர்க்கரை நோய் உண்டா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? கூச்சப்படாமல் பதில் சொன்னாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து என்ன டெஸ்ட்?

சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைதான் ஆரம்பம். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துத் தர வேண்டும். தேவைப்பட்டால் 'கல்ச்சர்' டெஸ்ட். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று இது சொல்லும். முடிவு வர 2, 3 நாள் ஆகலாம். ஆன்டிபயாடிக் போடும் முன்பே மாதிரி கொடுப்பது முக்கியம். மெடிக்கலில் தானாக 2 மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால், கிருமி ஒளிந்துகொள்ளும்; டெஸ்ட்டில் சிக்காது.

தொற்று

பெண்களின் சிறுநீர்ப் பாதை நீளம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. கிருமி எளிதில் ஏறிவிடும். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்று வருகிறது. எரிச்சல் நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை முடிக்கணும்.

சிறுநீரகக் கல்

விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி இதன் அடையாளம். ஸ்கேனில் கல்லின் அளவும் இடமும் தெரியும். 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தானாக வெளியேறிவிடும். பெரிய கல் என்றால் அதிர்வலை, லேசர், சிறு துளை அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. மறுபடி வராமல் இருக்க, நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏற்கெனவே இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவை மீறக் கூடாது.

50 வயது தாண்டிய ஆண்கள்

சொட்டுச் சொட்டாகப் போவது, இரவில் அடிக்கடி எழுவது எல்லாம் புராஸ்டேட் சுரப்பி வீக்கமாக இருக்கலாம். 7 கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியலை வைத்து மருத்துவர் தீவிரத்தை அளப்பார். 7 வரை லேசானது, 8 முதல் 19 நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமை. பலருக்கு மாத்திரையே போதும்.

உடனே போக வேண்டியது எப்போது?

* எரிச்சலோடு குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி
* சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்வது
* கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இருந்தால்
* சிறுநீரில் ரத்தம். வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. வலியில்லாத ரத்தம் சிறுநீர்ப்பை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்

எங்கே போவது?

சிறுநீர் டெஸ்ட்டுக்கு சீர்காழி அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் சிறுநீரியல் துறை இருக்கிறது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு போன் போடுங்க.