வெள்ளையை விட்டுவைத்தவர்

கே.சி.எஸ். பணிக்கரின் பெயரை ஓவிய உலகம் மறக்கவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் சேடு மேட்ச் பண்ணியே காலம் தள்ளிய எனக்கு, அவரை நினைக்கச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சென்னையின் அரூப ஓவியத்துக்குக் குடியிருக்க நிலம் வாங்கித் தந்ததில் சாயத்தொட்டிக்கும் பங்கு இருக்கிறது.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். எங்கள் காங்கேயமும் அப்போது கோவை மாவட்டம்தான். 25 வயதில், 1936இல், சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து ராய் சௌத்ரியிடம் படித்தார். 1957இல் அதற்கே முதல்வரானார். முதலில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை கேரளத்துப் பச்சையை வரைந்த நீர்வண்ண நிலக்காட்சிகள்.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளை. அதை எங்கே விட்டுவைப்பது என்று முதல் தீற்றலுக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். வெள்ளைத் துணியை எடுத்துத் தொட்டியில் இறக்குகிற எவருக்கும் இந்தப் பயம் தெரியும். ஒருமுறை ஏறிய சாயத்தை இறக்குவது பெரும்பாடு.

1960களில் பணிக்கரிடம் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. வேறு வேலைக்குப் போனால் வரைய நேரமில்லை. கைவினைப் பொருள் செய்து விற்போம், மிச்ச நேரத்தில் மனசுக்குப் பிடித்ததை வரைவோம் என்று முடிவெடுத்தார்கள். அப்படிச் செய்தவற்றில் முக்கியமானது பாத்திக் துணி. அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். சுல்தான் அலி, ஹரிதாசன், விஸ்வநாதன், வாசுதேவ், ராமானுஜம் என்று அங்கே கூடியவர்களின் வரிசை பெரிது.

பாத்திக் வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. உருக்கிய மெழுகைத் துணியில் எங்கே தடவுகிறோமோ அங்கே சாயம் ஏறாது. முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு. பிறகு மஞ்சளில் முக்கு. மஞ்சள் நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு வைத்துச் சிவப்பில் முக்கு. திறந்து கிடக்கும் மஞ்சளெல்லாம் செம்மஞ்சளாகும். இளசிலிருந்து அழுத்தத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. சாயத் தண்ணீர் சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும், ஆகவே குளிர்ந்த சாயம்தான். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும்போது, மெழுகு வெடித்த இடங்களில் நூலிழை போலச் சாயக்கோடுகள் ஓடியிருக்கும். அவற்றை யாரும் வரைந்ததில்லை.

இதைப் பிழைப்புக்கான வேலை என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். வெள்ளையை விட்டுவைக்கும் இதே ஒழுக்கம் பணிக்கரின் ஓவியத்திலும் இருந்தது. பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கியது 1963இல், அதாவது கிராமம் உருவாவதற்குச் சற்று முன். 1954இல் ஐரோப்பா போய் அங்கத்து நவீன ஓவியங்களைப் பார்த்துத் திரும்பியவர், தன் மண்ணிலிருந்தே ஒரு அரூபம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கம் வழிகாட்டியது. எண்கள், மலையாளம் போலத் தோன்றும் ஆனால் வாசிக்க முடியாத எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் திரைச்சீலையில் இறங்கின. நிலக்காட்சியின் பொங்கும் பச்சை அடங்கியது. வெளிறிய தளமே வெளிச்சத்தைத் தாங்க, நிறம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வந்து நின்றது. இது நீர்வண்ணக்காரரின் பழைய ஒழுக்கம், எண்ணெய் வண்ணக் காலத்திலும் கைவிடாதது என்பது என் கணிப்பு.

எங்கள் தொழிலில், வெவ்வேறு விளக்குகளில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க லைட் பாக்ஸ் உண்டு. டி65 விளக்கில், அதாவது பகல் வெளிச்சத்தில், அச்சாக ஒத்துப்போன சேடு, டிஎல்84 என்ற கடைவிளக்கில் விலகி நிற்கும். நிறம் துணியில் மட்டும் இல்லை, விளக்கிலும் இருக்கிறது. ஓவியத்திலிருந்து ஆளையும் மரத்தையும் எடுத்துவிட்டால் இந்த உண்மை பட்டவர்த்தனமாகிவிடும்.

பணிக்கர் 1977இல் காலமானார். அவர் படங்களுக்கென்று திருவனந்தபுரத்தில் தனிக் காட்சியகம் இருக்கிறது. திருப்பூரில் டிசைன் படிக்கிற பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். எழுத்தில்லாத இடத்தில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.