ஊதிப் பலம் ஏற்றிய கார்கள்

விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தீ எப்படிப் பிடிக்கிறதோ, கார் என்ஜினும் அப்படித்தான். உள்ளே போகும் காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும். சின்ன என்ஜினிலேயே பெரிய பலம் கிடைக்கும். இதற்கு இரண்டு வழிகள். என்ஜினே சுழற்றும் காற்றுப் பம்ப் சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது டர்போ.

சாலையில் முதலில் பெயர் வாங்கியது சூப்பர்சார்ஜர். 1929-ல் டிம் பிர்க்கின் என்ற பந்தய வீரர் நாலரை லிட்டர் பென்ட்லி காருக்கு அதைப் பொருத்த வைத்தார். கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு அதில் இஷ்டமே இல்லை. பலம் வேண்டுமென்றால் என்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. பெடலை மிதித்த கணமே பலம் வந்தது உண்மைதான். ஆனால் பம்பைச் சுழற்றும் செலவும் என்ஜின் தலையிலேயே விழுந்தது; பெட்ரோலையும் குடித்துத் தள்ளியது. 1930 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார்கள் பாதியில் நின்றன. ஜெயித்தது, சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி!

வீணாகும் புகையையே வேலை வாங்கலாம் என்று 1905-லேயே காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்து என்ஜினியர் ஆல்ஃபிரட் பூகி. அந்த டர்போ விற்பனைக் காருக்கு வர 1962 ஆயிற்று. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் அதில் ஒன்று. என்ஜினில் 'நாக்கிங்' வராமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் பலமும் குறைந்தது. டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1963-ஓடு அந்தக் கார் நின்றது.

1977-ல் ஸ்வீடனின் சாப் 99 டர்போ வந்தது. டர்போவைச் சின்னதாக்கி, குறைந்த வேகத்திலேயே சுழல வைத்தார்கள். அழுத்தம் மீறினால் புகையை வேறு வழியில் விட ஒரு வால்வு. தொட்டியும் இல்லை, திரவமும் இல்லை. குடும்பக் காருக்கு டர்போ ஒத்துவரும் என்று பலரும் நம்பியது அதற்குப் பிறகுதான்.

இன்று நம் டீசல் கார்களில் இருப்பதும் டர்போதான். புகை இனாம் என்றாலும் டர்போ பராமரிப்பு கேட்கும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால், ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணையுங்கள்.