ஏர்பிரஷ்

அழுத்தப்பட்ட காற்றின் வேகத்தால் வர்ணத்தை அதிசூக்ஷ்மமான திவலைகளாகச் சிதறடித்துத் தெளிக்கும் கைக்கருவி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் 1879-இல் இதன் பூர்வ ரூபத்தை அமைத்தார். காற்றும் வர்ணமும் கருவிக்குள்ளேயே கலக்கும் முறையைச் சார்லஸ் பர்டிக் 1890-களில் பிரசித்தமாக்கினார்.

பொம்மை விமானங்களுக்கும் சிற்றுருவங்களுக்கும் வர்ணம் தீட்டப் புகும் ஆரம்ப சாதகர், விசையை அழுத்தினால் காற்றும் பின்னிழுத்தால் வர்ணமும் வெளிப்படும் இரட்டைச் செயல் வகையில், 0.3 மில்லிமீட்டர் துவாரமுள்ள மலிவான கருவியொன்றைத் தேர்ந்துகொள்வாராயின், அநேக காரியங்களுக்கு அதுவே போதுமானது. மிச்சப்படும் பணத்தை, காற்றைத் துடிப்பின்றிச் சீராக அனுப்பும் பொருட்டுத் தொட்டியோடு கூடிய கம்ப்ரசருக்கும், ஈரத்தைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிக்கும் செலவிடுதல் விவேகம்.

வர்ணத்தைப் பால்பதத்துக்கு நீர்க்கச் செய்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில், முதலில் காகிதத்தில் கோடுகளும் புள்ளிகளும் இட்டுப் பழகல் வேண்டும். அக்ரிலிக் வர்ணம் ஊசிமுனையில் விரைவில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். மலிவுக் கருவியின் தோஷமென்று பழிக்கப்படுவதிற் பெரும்பகுதி, உண்மையில், சுத்திகரிப்பில் நேர்ந்த அசிரத்தையே. ஊசியைக் கழற்றுகையில் முனை வளையாவண்ணம் பின்புறமாக இழுத்தெடுப்பர். திவலைகள் சுவாசத்தில் கலவாதிருக்கச் சுவாசக் கவசமும் காற்றோட்டமுள்ள இடமும் அவசியம்.