என் இங்கிலீஷ் நோட்டுல ஒரு தமிழ்ச் சொல்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நமக்கு ஊர் வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டி. தை மாசம் பெருமாள் கோயில்ல கூடை கூடையா வாழைப்பழம் சூறை விடுவாங்களே, அதே ஊர்தான். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்ஜினியரிங் முடிச்சு பொட்டி தட்ட வந்த புதுசுல, கிளையண்ட் பேசுற மரபுத்தொடர் ஒண்ணும் விளங்காது. 'டச் பேஸ்' பண்ணலாம்னு சொன்னா எதைத் தொடணும்னு முழிச்ச ஆள் நான் :-) அதனால ஒரு நோட்டு போட்டு, காதுல விழுற தொடரையெல்லாம் அர்த்தத்தோட எழுதி வைக்க ஆரம்பிச்சேன்.

அதுல தமிழ்ல இருந்து போன சொற்களுக்குன்னு தனியா ஒரு பக்கம். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, மிளகுத்தண்ணி 'முல்லிகட்டானி' சூப் ஆனது, நம்ம சுருட்டு 'ஷெரூட்' ஆனது. பெருமையா ரூம்மேட்கிட்ட நோட்டைக் குடுத்தேன். அவன் செங்கல்பட்டுப் பக்கம். சிரிச்சுக்கிட்டே புரட்டினவன் வேற ஒரு பக்கத்துல நின்னுட்டான்.

'சோஷியல் பரையா - எல்லாரும் ஒதுக்கி வச்ச ஆள்.'

என் கையெழுத்துதான். "டேய், இது எங்க ஜாதிப் பேருடா"ன்னான். சத்தம் போடல, சண்டை போடல. நோட்டை மூடி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான். தமிழ்ச் சொல் பக்கத்துல அதை எழுதணும்னு கூட எனக்குத் தோணல பாருங்க. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

தஞ்சாவூர்ல நீதிபதியா இருந்த பர்னெலும், ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886ல வந்தது. இது தமிழ்நாட்டுல இருக்கிற ஒரு ஜாதியோட பேர், 'பறை'ங்கிற சொல்லை ஒட்டி வந்ததுன்னு அதுலயே இருக்கு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஐரோப்பாவுல அந்தப் பேர் ஒரு உவமையா மாறியாச்சு. 1791ல பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் த சேன் பியர் தன் கதையில இப்படி ஒருத்தரை நாயகனாக்கினார். 1821ல பாரிஸ்ல தெலவீன் எழுதின 'லே பரியா' நாடகம் வந்தது. 1823ல மைக்கேல் பேர்ங்கிற ஜெர்மன் யூதர் 'டெர் பரியா'ன்னு நாடகம் எழுதினார். தன் மக்கள் படுற அவமானத்தைச் சொல்ல அவருக்குக் கிடைச்சது நம்ம ஊர்ச் சொல். அப்புறம் மாக்ஸ் வேபர், ஹன்னா அரெண்ட்னு பெரிய ஆளுங்க எல்லாரும் இதைப் பயன்படுத்தினாங்க. அவங்க இரக்கத்தோட எழுதினாங்கங்கிறது உண்மை. ஆனா உயிரோட இருக்கிற ஒரு மக்களோட பேர், ஒரு நிலைமையோட பேரா ஆகிப்போச்சு. இங்க இருந்த வெள்ளைக்காரங்க தெருநாய்க்குக்கூட இதே பேரை வச்சாங்க. இன்னிக்கும் நாய் பத்தின புத்தகங்கள்ல அந்தப் பேர் இருக்கு.

அந்த மக்கள் சும்மா இருந்தாங்களா? இல்ல. என் நண்பனோட மாவட்டத்துக்காரர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1893ல சென்னையில ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, அதுக்குப் 'பறையன்'னே பேர் வச்சார். எந்தப் பேரைச் சொல்லித் தாழ்த்தினாங்களோ அதையே தலைப்புல போட்டார். பின்னாடி 1930ல லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோட போனவரும் இவர்தான். எம்.சி. ராஜா வேற வழியில போனார். 1922ல சென்னை சட்டசபையில, அரசாங்கக் காகிதங்கள்ல இந்தப் பேருக்குப் பதிலா 'ஆதி திராவிடர்'னு எழுதணும்னு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கமும் ஏத்துக்கிச்சு. ஒருத்தர் பேரைத் தூக்கிப் பிடிச்சார், இன்னொருத்தர் மாத்தினார். ரெண்டு பேரும் கேட்டது ஒண்ணுதான்: எங்க பேரை நாங்க முடிவு பண்ணணும்.

சென்னையில காகிதம் மாறினாலும் இங்கிலீஷ் மாறல. 2019ல ஜோ பைடன் ஒரு தேர்தல் விவாதத்துல சவுதி அரேபியாவை இந்தச் சொல்லால சொன்னார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதைப் படிச்ச எத்தனை பேருக்கு இது தமிழ்ச் சொல்னு தெரிஞ்சிருக்கும்?

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட சொல்லி, "பாத்தியா, வெள்ளைக்காரன் பண்ணின வேலையை"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவன் எங்கிருந்துடா கத்துக்கிட்டான்? உங்க ஊர்த் தெருவுல நின்னு பார்த்துத்தானே எழுதினான்?"

பதில் இல்ல. எங்க ஊர்ப் பக்கம் சாவு விழுந்தா பறை அடிக்கக் கூப்பிடுவாங்க. அடிச்சவங்க திண்ணையில உட்கார்ந்து சாப்பிட்டு நான் சின்ன வயசுல பார்த்ததில்ல. ஏன்னு கேட்டதும் இல்ல. அகராதி எழுதினவன் சும்மா குறிப்பு எடுத்தான், அர்த்தம் குடுத்தது நாமதான்.

நோட்டுல அந்த வரியை அடிக்கல. பக்கத்துல வரலாற்றை எழுதி வச்சிருக்கேன். பேசும்போது தேவைப்பட்டா 'அவுட்காஸ்ட்'னு சொல்றேன். அது இங்கிலீஷ்காரங்களோட சொந்தச் சொல், ஜாதிங்கிற சொல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தூக்கி எறியப்பட்டவன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

நீங்களும் எழுதுறவங்க, அதான் சொல்றேன். அடுத்த தடவை அந்தச் சொல் விரல் நுனிக்கு வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. அது யாரோ ஒருத்தரோட தாத்தா பேர்.