சராசரி மண்ணும் மறைந்த மாசும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து மண்மாதிரி முறையின் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்தில் கடலையும் கரும்பும் பயிரிடுவோருக்கு மண்மாதிரி எடுப்பது பழகிய வேலை. வேளாண் துறை கற்றுக்கொடுத்த முறைப்படி, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டுவார்கள். குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீராகச் செதுக்கி, எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலப்பார்கள். அதைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளைத் தள்ளித் தள்ளி, மிஞ்சும் அரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டு அனுப்புவார்கள். உரப் பரிந்துரைக்கு இது சரியான முறை. ஆனால், ஒரு மனையிலோ தொழிற்சாலை நிலத்திலோ நச்சு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதையே பின்பற்றினால், இருக்கும் நச்சு இல்லாததாகிவிடும். முறை எந்தக் கேள்விக்காகப் பிறந்தது என்ற வரலாற்றைப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

இந்தியாவில் மண் ஆய்வு விளைச்சலுக்காகவே வளர்ந்தது. 1889இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வேளாண் வேதியியலர் வோல்க்கர், இந்திய வேளாண்மையை மேம்படுத்தும் வழிகளை ஆராயவே வந்தார். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் அதே நோக்கம் கொண்டது. 1955-56இல் அமெரிக்க ஒத்துழைப்புடன் நாடெங்கும் 16 மண் பரிசோதனை நிலையங்கள் எழுந்தபோது, இரசாயன உரத்தை எவ்வளவு இடுவது என்பதே கேள்வி. டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களைத் தந்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் சுற்றுவட்டாரம் மண்ணை அறிந்ததும் இந்தக் கண்ணோட்டத்தில்தான். 2015இல் வந்த மண்வள அட்டையின் 12 அளவீடுகளும் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என்று பயிரைப் பற்றியே பேசுகின்றன. ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம் அதில் இல்லை. அட்டைத் திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்ற கணக்கில், பல பட்டாக்காரர்களின் நிலம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது.

மாசைத் தேடும் முறை பிறந்த கதை வேறு. அமெரிக்காவில் லவ் கனால் குடியிருப்பின் அடியில் புதைந்த இரசாயனக் கழிவு 1978இல் தேசிய நெருக்கடியாகி, 1980இல் மாசுபட்ட நிலங்களைத் தூய்மைப்படுத்தும் சட்டம் பிறந்தது. அதன் பிறகே நிலத்தின் பழைய பயன்பாட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத் தோண்டும் வழக்கம் உலகில் வேரூன்றியது. தமிழ்நாட்டுக்கு அந்தப் பாடம் இரண்டு இடங்களிலிருந்து கிடைத்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து ஆறிணைதிறக் குரோமியம் மழைநீரோடு நிலத்தடிக்கு இறங்கியது. மேல்மண் 15 செ.மீ. அந்தக் கதையின் முதல் பக்கம் மட்டுமே. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் ஆவியாகப் பரவக்கூடியது. எனவே ஆலையின் வேலி மாதிரி எடுப்பதற்கான எல்லையாக இருக்க முடியாது. அங்கே தூய்மைப்படுத்த ஏற்கப்பட்ட வரம்பு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். அது போதுமா என்று நீண்ட வாதம் நடந்தது. அந்த வரம்பை வைத்தே ஒரு கணக்குப் போடலாம்: பத்து இடங்களில் ஒன்றில் மட்டும் 150 மில்லிகிராம், மற்ற ஒன்பதில் ஏதுமில்லை என்றால், கலந்த மண்ணில் 15தான் காட்டும். வரம்பைப் பல மடங்கு மீறிய நிலம் சான்றிதழ் பெற்றுவிடும்.

வேளாண் கையேடுகள் வரப்பு, கிணற்றடி, மரநிழல், எருக்குவியல் ஆகிய இடங்களைத் தவிர்க்கச் சொல்கின்றன. அவை வயலின் இயல்பைக் காட்டா என்பதே காரணம். மாசைத் தேடுபவருக்கோ இத்தகைய ஒதுக்கிய மூலைகள்தான் முக்கியம். பூச்சிமருந்து டப்பா கழுவுவதும், மோட்டார் எண்ணெய் சிந்துவதும் கிணற்றடியில்தான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி விளைநிலங்கள் மனைகளாகவும், திண்டிவனத்தில் சிப்காட் தொழிற்பூங்காவாகவும் மாறிவரும் வேளையில், திட்டமிடல் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். வில்லங்கச் சான்று நிலம் யார் கைக்கு மாறியது என்று சொல்லும். அடங்கல் பசலிவாரியாக என்ன பயிரானது என்று சொல்லும். பழைய பட்டறை, டீசல் தொட்டி, கழிவுக் குழி இருந்த இடங்களைப் புலப்படத்தில் குறித்து, அங்கே ஆழவாரியாகத் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். பெட்ரோல் போன்று ஆவியாகும் பொருள் என்று சந்தேகம் வந்தால் மண்ணைக் கலக்கவோ உலர்த்தவோ கூடாது. மூடிய கண்ணாடிக் குடுவையில் குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது செலவு. நிலத்தின் வரலாறு தெரிந்தால் தோண்டும் இடங்கள் குறையும் என்பதால், இந்த முறை வீண்செலவைக் கட்டுப்படுத்தவே செய்யும். இரண்டாவது, பதிவேட்டில் ஏறாத சிறு பட்டறைகளும் திருட்டுத்தனமாகக் கொட்டிய கழிவும் இந்தத் தேடலில் தப்பிவிடும் என்பது. இது நியாயமான மறுப்பு. ஆகவே சந்தேக இடங்கள் போக மீதி நிலத்திலும் கட்டம் போட்டுச் சில மாதிரிகள் எடுப்பது அவசியம். மூன்றாவது, உலோகங்கள் பாறையிலிருந்தே மண்ணுக்கு வரக்கூடியவை என்பது. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கடும்பாறை மண்ணும் கிழக்கே கடலோரத்து வண்டலும் ஒன்றல்ல. அதனால்தான் அதே வகை மண்ணுள்ள, கைபடாத நிலத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரி வேண்டும்.

2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள், சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பை உள்ளாட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் தந்திருக்கின்றன. முதற்கட்ட ஆய்வை 90 நாளில் முடிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. வளத்தை அளக்கப் பழகிய மாவட்டத்துக்கு இது புதிய கேள்வி. மாதிரி எடுக்கும் முறையும் அதற்கேற்ப மாறாவிட்டால் பட்டியல் வெறும் சடங்காகிவிடும். சிப்காட் வளாகத்தில் ஒவ்வொரு ஆலையும் இயங்கத் தொடங்குமுன் ஆழவாரியான அடிப்படை மாதிரியைப் பதிந்து, ஊர்மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து மண் கெட்டிருந்தால், கெடுத்தவரிடமே செலவை வாங்க அந்தப் பதிவு வலுவான சான்றாக நிற்கும்.