சிறுவாட்டுக் காசும் பால் குவளையும்: டாக்டர் எடித் சம்மர்ஸ்கில்

வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடித்து, அஞ்சறைப் பெட்டிக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ பெண்கள் போட்டு வைக்கும் காசைச் சிறுவாடு என்கிறோம். அந்தக் காசு யாருக்குச் சொந்தம்? 1943இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஆக்ஸ்போர்டு கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு குடும்பத் தலைவியின் பெயரில் 103 பவுன் 10 ஷில்லிங் சேர்ந்திருந்தது. கணவரைப் பிரிந்த பிறகு அது வழக்கானது. பணம் முழுவதும் கணவருக்கே என்று தீர்ப்பாயிற்று.

இந்த அநீதியை விடாமல் எதிர்த்தவர்களில் முன்னின்றவர் எடித் சம்மர்ஸ்கில். மருத்துவர், தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், மணமான பெண்கள் சங்கத்தின் முதல் தலைவர்.

1901இல் லண்டனில் பிறந்தவர். தந்தையும் மருத்துவர்தான், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று நம்பியவர். நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போவார். வறுமை எப்படி நோயாகிறது என்பதை எடித் கல்லூரிக்குப் போகுமுன்பே அங்கே கண்டுவிட்டார். சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பயின்று 1924இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டு சக மருத்துவர் ஜெஃப்ரி சாமுவேலை மணந்தார். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் சம்மர்ஸ்கில் என்றே பெயர் வைத்தார்கள்.

தாம் தனியாகப் பார்த்த முதல் பிரசவத்தைப் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சத்தில்லாத உணவால் மெலிந்துபோன இளந்தாய். பக்கத்தில், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த மூத்த குழந்தை. அந்த அறையில், அந்த இரவில்தான் தாம் சோசலிஸ்ட் ஆனதாகச் சொல்கிறார். மருந்துச் சீட்டில் எதை எழுதினால் அந்த வீட்டுக்குச் சோறு வரும்?

1930இல் தோன்றிய சோசலிச மருத்துவர் சங்கத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தார். எல்லோருக்கும் கட்டணமில்லாத மருத்துவம் என்பது அந்தச் சங்கத்தின் கோரிக்கை. 1948இல் அது தேசிய சுகாதார சேவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1935 பொதுத் தேர்தலில் எடித் பெரி தொகுதியில் நின்றார். கருத்தடை பற்றி இனிப் பெண்களுக்கு ஆலோசனை சொல்வதில்லை என்று வாக்குறுதி தரும்படி கத்தோலிக்கப் பாதிரிமார் கேட்டார்கள். மறுத்தார்; தோற்றார். ஒரு வாய்ச்சொல்லில் தப்பித்திருக்கலாம். அடுத்தடுத்த பேற்றில் உடல் தேய்ந்த பெண்களைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தச் சொல் வரவில்லை. மேற்கு ஃபுல்ஹாம் தொகுதி 1938 இடைத்தேர்தலில் அவரை வெற்றிபெற வைத்தது.

அவர் செய்ததிலெல்லாம் பெரியது பால் சட்டம் என்பேன். காசநோய் கண்ட மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் கிருமி மனிதருக்கும் தொற்றும். கழுத்தில் கட்டி வரும், முதுகெலும்பும் மூட்டும் கெடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது குழந்தைகள்தான். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்வித்தாலே கிருமி செத்துவிடும். இவ்வளவு எளிய காரியத்துக்கு எத்தனை எதிர்ப்பு! பச்சைப் பாலின் சத்து போய்விடும் என்றார்கள். சிறு பால்காரர்கள் நொடித்துப்போவார்கள் என்றார்கள். உணவுத்துறையின் நாடாளுமன்றச் செயலாளராக இருந்த எடித், முடங்கிக் கிடந்த பிள்ளைகளை மறக்காமல் வாதாடினார். இப்படிச் சூடாக்கிச் சுத்திகரித்த பாலையோ, காசநோய்ச் சோதனையில் தேறிய மாட்டின் பாலையோ மட்டும் விற்க வேண்டிய பகுதிகளை அறிவிக்க 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இதனால் நடக்க முடிந்த குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது.

1950இல் தேசியக் காப்பீட்டு அமைச்சர், 1954இல் தொழிற்கட்சியின் தேசியச் செயற்குழுத் தலைவர், 1961இல் பிரபுக்கள் சபை உறுப்பினர். குத்துச்சண்டையைத் தடை செய்யக் கோரி ஒரு புத்தகமே எழுதினார். மூளையில் விழும் அடியை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள மருத்துவர் மனம் இடம் தரவில்லை.

சிறுவாட்டை மட்டும் விடவேயில்லை. அந்தத் தீர்ப்பு வந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1964 மார்ச்சில், மணமான பெண்களின் சொத்துச் சட்டம் நிறைவேறியது. கணவர் தரும் வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்ததில் மனைவிக்குச் சரிபாதி. பாதிதான், ஆனால் முன்பு அதுவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் தொகுதி மக்கள் ஒரு பெண் மருத்துவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் எடித்தின் மகள். வாக்குச்சீட்டில் இருந்த பெயர் ஷெர்லி சம்மர்ஸ்கில்.